மென்பொருளுக்கும் வேண்டும் குடிமராமத்து

கல்வியைப் பற்றிப் பேசுவோர் ஆசிரியரைப் பற்றிப் பேசுவர். பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசுவர். கட்டடத்தையும் ஆய்வுக்கூடத்தையும் பற்றிப் பேசுவர். பள்ளி அலுவலகத்தில் அடுக்கி வைத்திருக்கும் பதிவேடுகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆனால் ஒரு மாணவனின் பள்ளி வாழ்க்கை தொடங்குவதும் முடிவதும் அந்தப் பதிவேடுகளில்தான். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறிய நாளில் அவன் மாணவன் ஆகிறான். மாற்றுச் சான்றிதழில் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட நாளில் அப்பள்ளியை விட்டு வெளியேறுகிறான். இடையில் வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, கட்டணப் பதிவேடு, உதவித்தொகைப் பட்டியல் என்று எத்தனையோ ஏடுகள் அவனைத் தொடர்ந்து வருகின்றன. அவற்றில் ஓர் எழுத்துத் தவறினால் உதவித்தொகை நின்றுபோகும். பிறந்த தேதியில் ஓர் எண் மாறினால் வேலைவாய்ப்பே கைநழுவும். அரசு கல்லூரியில் படிக்கும் எவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஏடுகள் இன்று உலகெங்கும் கணிப்பொறிக்குள் குடியேறி வருகின்றன. செல்வ நாடுகளின் பள்ளிகள் பெரிய நிறுவனங்களிடம் ஆண்டுக் கட்டணம் செலுத்தி இதற்கான மென்பொருளைப் பெறுகின்றன. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள வளரும் நாடுகளின் பள்ளிகளுக்கு அந்தக் கட்டணம் எட்டாத உயரம். அவற்றின் முன் வைக்கப்படும் மாற்று வழிதான் திறந்த மூல மென்பொருள். ஒரு மென்பொருளை உருவாக்கிய நிரல் வரிகளை மூடி மறைக்காமல், யாரும் படிக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம், பிறர்க்கும் கொடுக்கலாம் என்று உரிமம் வழங்கி வெளியிடுவதே இம்முறை. 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் தொடங்கி வைத்த கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வழிவந்தது இது.

நல்ல வழிதான், ஐயமில்லை. ஆனால் இந்த வழியில் சென்ற முயற்சிகளில் சில தழைத்தன, சில பட்டுப்போயின. ஏன் என்று எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருளை எழுதுவதற்குக் காசு கொடுக்க ஆள் கிடைக்கிறார்கள்; எழுதியதை ஊருக்கேற்பத் திருத்தி, ஆண்டுதோறும் பேணிக் காக்கக் காசு கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. அந்தப் பேணும் வேலைக்கு நிலையான பணமும் உள்ளூர் ஆளும் வைக்காத எந்தத் திட்டமும் நிலைக்காது.

இலவசம் என்னும் மயக்கம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. பல்லைப் பார்க்க வேண்டாம். ஆனால் தீவனத்துக்குக் கணக்குப் பார்த்தே தீர வேண்டும். திறந்த மூல மென்பொருளின் உரிமத்துக்கு விலை இல்லை என்பது உண்மை. அதை ஓட்டுவதற்குக் கணிப்பொறி வேண்டும், மின்சாரம் வேண்டும், இணைய இணைப்பு வேண்டும். பதிவுகள் அழிந்துபோகாமல் நாள்தோறும் படி எடுத்து வைக்க வேண்டும். பாதுகாப்பில் ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் உடனே அதை அடைக்க வேண்டும். புதிதாக மாற்றலாகி வரும் எழுத்தருக்குப் பயிற்சி தர வேண்டும். அரசாணை ஒன்று வந்தால் அதற்கேற்பப் படிவத்தை மாற்ற வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதரின் உழைப்பு வேண்டும். உழைப்புக்கு ஊதியம் வேண்டும்.

திட்டங்களுக்கு நிதி வரும் முறையோ வேறு விதமாக இருக்கிறது. மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று காலவரையறையோடு பணம் வருகிறது. முதலாண்டில் கணிப்பொறிகள் வாங்கப்படுகின்றன. இரண்டாம் ஆண்டில் சில பள்ளிகளில் சோதனை நடக்கிறது. மூன்றாம் ஆண்டில் அறிக்கை அச்சாகிறது. நான்காம் ஆண்டில் கணிப்பொறி பழுதானால் யாரிடம் சொல்வது என்று தலைமையாசிரியருக்குத் தெரியாது. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. மராமத்துக்குக் கல்வெட்டு கிடையாது. நிதி கொடுப்போரின் மனப்போக்கை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல இயலவில்லை.

ஒரு பெருங்கொடையின் வரலாறு

தென்னாப்பிரிக்காவில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த், 1999-ஆம் ஆண்டு தம் தாட் நிறுவனத்தை அமெரிக்காவின் வெரிசைன் நிறுவனத்துக்கு விற்றுப் பெருஞ்செல்வர் ஆனார். 2002-ஆம் ஆண்டு சொந்தச் செலவில் ரஷ்ய விண்கலத்தில் ஏறி விண்வெளிக்கும் சென்று வந்தார். பின்னாளில் உபுண்டு என்னும் லினக்ஸ் அமைப்பை உலகுக்கு அளித்தவரும் இவரே. தம் நாட்டுக் கல்விக்கு உதவ வேண்டும் என்று அறக்கட்டளை ஒன்றை நிறுவிய இவர், வளரும் நாடுகளின் பள்ளிகள் அனைத்தும் பயன்படுத்தத்தக்க நிர்வாக மென்பொருள் ஒன்றை உருவாக்கப் பொருளுதவி செய்தார். ஸ்கூல்டூல் என்பது அதன் பெயர். மாணவர் விவரம், வருகை, மதிப்பெண், கால அட்டவணை, அறிக்கை ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் அமைய வேண்டும் என்பது அதன் குறிக்கோள்.

நோக்கம் உயர்ந்தது, எழுதியவர்கள் திறமைசாலிகள். ஐரோப்பாவின் லித்துவேனிய நாட்டு நிரலாளர்கள் அதன் பெரும்பகுதியை எழுதினர். தன்னார்வலர்கள் அதைப் பல மொழிகளில் பெயர்த்தனர். ஒரு கொடையாளி பல்லாண்டுகள் பொறுமையோடு பணம் தந்தார். இவ்வளவு இருந்தும் 2010-களின் நடுப்பகுதிக்குப் பிறகு அதன் வளர்ச்சி அடங்கிவிட்டது. அது பைத்தான் என்னும் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்பில் எழுதப்பட்டது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு உலகெங்கும் முடிவுக்கு வந்தது. ஒரு வரியும் மாறாமல் அப்படியே இருந்தாலும் மென்பொருள் பழையதாகிவிடும் என்பதற்கு இது தக்க சான்று. கரையை யாரும் தொடாமலேயே ஏரி தூர்ந்துபோவதைப் போன்றது இது.

இக்கதையைக் குறை கூறுவதற்காக நான் எடுத்துரைக்கவில்லை. அந்தக் கொடையாளியின் கை பெரிது. ஆயினும் ஒருவர் கொடையாகவே ஒரு பணி நடக்குமானால், அவருடைய ஆர்வம் வேறிடம் திரும்பும் நாளில் அது தளரும். பயன்படுத்தும் பள்ளிகளிடமிருந்தும் அரசுகளிடமிருந்தும் சிறு சிறு ஓடைகளாகப் பணமும் உழைப்பும் வந்து சேர்வதற்கு வாய்க்கால் வெட்டப்படவில்லை என்பதே இங்கு நாம் கற்க வேண்டிய பாடம்.

ஊருக்கேற்ற உருவம்

இன்னொரு பாடமும் உண்டு. உலகத்துப் பள்ளிகள் அனைத்துக்கும் பொருந்தும் ஒரே மென்பொருள் என்பது, ஊரார் அனைவருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பது போன்றது. மேலைநாட்டு மென்பொருள் ஒன்றில் மாணவர் விவரத்தை நிரப்ப உட்கார்ந்தால் முதற் கட்டத்திலேயே முட்டிக்கொள்வோம். முதற்பெயர் என்ன, குடும்பப்பெயர் என்ன என்று அது கேட்கும். குடும்பப்பெயரை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவும் விடாது. தமிழ் மாணவனுக்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தையின் பெயரிலிருந்து வரும் முன்னெழுத்துத்தான் உண்டு. எத்தியோப்பியாவிலும் மாணவன் பெயரை அடுத்துத் தந்தை பெயரே வரும். இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயரோடு வாழ்வோர் ஏராளம். இவர்களையெல்லாம் ஏதாவதொரு குடும்பப்பெயரைப் புனைந்து எழுதச் செய்தால், பின்னாளில் சான்றிதழுக்கும் ஆதாருக்கும் பெயர் பொருந்தாமல் தவிக்கப் போவது மாணவன்தான்.

நாட்காட்டியும் அப்படியே. எத்தியோப்பிய ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள். நேபாளத்தில் விக்கிரம ஆண்டுக் கணக்கில்தான் அரசு அலுவல்கள் நடைபெறுகின்றன. பன்னிரண்டு மாதங்களை மட்டுமே அறிந்த மென்பொருள் அங்கே பிறந்த தேதியையே பதிவு செய்ய இயலாது. வருகைப் பதிவும் நாட்டுக்கு நாடு வேறு. மேலைநாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் ஒவ்வொரு பாடவேளைக்கும் வருகை குறிக்கிறார்கள். நம் பள்ளிகளில் முற்பகல் ஒன்று, பிற்பகல் ஒன்று.

தமிழுக்கே உரிய ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயர்களை அகரவரிசையில் எழுதுவது வழக்கம். தமிழ் எழுத்துகளுக்குக் கணிப்பொறி உலகில் யூனிகோடு முறையில் எண்கள் தரப்பட்டுள்ளன. அந்த எண்வரிசையில் ‘ந’வுக்கு அடுத்து ‘ன’வும் அதன் பின் ‘ப’வும் நிற்கின்றன. நம் அகரவரிசையிலோ ‘ன’ கடைசி மெய். எனவே எண்வரிசையை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள் கனிமொழியை முன்னும் கபிலனைப் பின்னும் எழுதிவிடும். தமிழறிந்த எந்த ஆசிரியரும் கபிலனைத்தான் முதலில் எழுதுவார். இதைச் சரிசெய்வது பெரிய வேலையன்று. ஆனால் அது பிழை என்று தெரிந்த ஒருவர் அந்த நிரலைத் தொடக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். வில்னியஸ் நகரத்து நிரலாளருக்கு இது எப்படித் தெரியும்?

விதிகளும் மாறிக்கொண்டே இருக்கும். 2021-ஆம் ஆண்டு தமிழக அரசு, மாணவர் பெயருக்கு முன்னுள்ள எழுத்தைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. காகிதப் பதிவேட்டில் எழுத்தர் பேனாவை எடுத்து அப்படியே எழுதத் தொடங்கிவிடலாம். கணிப்பொறிப் பதிவேட்டில் முன்னெழுத்துக்கு ஆங்கிலம் மட்டுமே இடம் தரப்பட்டிருந்தால், அரசாணையை நிறைவேற்ற நிரலாளர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நிரலாளர் எங்கே இருக்கிறார், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார் என்பதுதான் கேள்வி. ஊருக்கேற்பத் திருத்துதல் ஒருநாள் வேலையன்று. பள்ளி உள்ளவரை தொடரும் வேலை.

மொய் எழுதும் முறை

அப்படியானால் தழைத்த முயற்சிகள் எவை? நம் கல்லூரிகளுக்குப் பழக்கமான ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன். தமிழகத்தின் பல கல்லூரி நூலகங்களில் இன்று கோஹா என்னும் நூலக மென்பொருள் இயங்குகிறது. 1999-ஆம் ஆண்டு நியூசிலாந்தில் ஹோரோஃபெனுவா என்னும் சிற்றூர்ப்புற நூலக அறக்கட்டளை ஒன்று, தன் பழைய கணிப்பொறி அமைப்பு 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் செயலிழந்துவிடும் என்று அஞ்சியது. புதியது வாங்கப் பணம் போதவில்லை. காட்டிப்போ என்னும் சிறு நிறுவனத்தைக் கொண்டு தனக்கென ஒன்றை எழுதச் செய்து, அதைத் திறந்த மூலமாக உலகுக்கே வழங்கிவிட்டது. 2000 சனவரியின் முதல் வாரத்தில் அது பயன்பாட்டுக்கு வந்தது.

பின்னர் நடந்ததுதான் சிறப்பு. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நெல்சன்வில் பொது நூலகத்துக்குக் கோஹா பிடித்திருந்தது. ஆனால் நூற்பட்டியலுக்கு அவர்கள் பின்பற்றும் மார்க் முறை அதில் இல்லை. அதைச் சேர்ப்பதற்கு அந்த நூலகம் பணம் தந்தது. சேர்த்த பகுதி உலகத்தார் எல்லோருக்கும் உரியதாயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் நாட்டு முறையைச் சேர்த்தனர். இப்படி எவருக்கு எது தேவையோ அதற்கு அவர் செலவிட, அனைவரும் பயன்பெற்றனர். ஒரு கொடையாளி விலகினாலும் மற்றவர் தோள் கொடுக்கும் நிலை ஏற்பட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் அது வளர்ந்து வருகிறது.

கோஹா என்பது நியூசிலாந்தின் மாவோரி மக்களுடைய மொழிச் சொல். கொடை என்று பொருள். ஆனால் பெற்றவர் ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கடமையும் அதில் அடங்கியிருக்கிறது. நம் திருமண வீடுகளில் எழுதும் மொய்க்கு இதைவிட நெருங்கிய சொல் உலகில் வேறு இருக்குமோ? வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாதவரை ஊர் எப்படிப் பார்க்கும் என்று நமக்குத் தெரியும். திறந்த மூல மென்பொருளை எடுத்துப் பயன்படுத்திவிட்டு ஒன்றும் திருப்பித் தராத அரசையும் நிறுவனத்தையும் அதே கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஆளை வளர்த்த திட்டம்

இரண்டாவது எடுத்துக்காட்டு ஆப்பிரிக்காவில் பிறந்தது. 1994-ஆம் ஆண்டு நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில், சிதறிக் கிடந்த மருத்துவத் துறைப் பதிவுகளை ஒழுங்குபடுத்த அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தாரும் நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து பணியாற்றினர். அதன் வழித்தோன்றலான டி.ஹெச்.ஐ.எஸ். 2 என்னும் திறந்த மூல மென்பொருள் 2006-ஆம் ஆண்டு முதன்முதலில் பயன்பாட்டுக்கு வந்த இடம் நம் அண்டை மாநிலமான கேரளம். இன்று வளரும் நாடுகள் பலவற்றின் பொது மருத்துவப் பதிவுகள் இதில்தான் நடைபெறுகின்றன. நார்வே அரசின் உதவி நிறுவனம் முதலிய பல அமைப்புகள் தொடர்ந்து நிதி அளிக்கின்றன.

இவர்கள் செய்த முக்கியமான செயல் ஒன்று உண்டு. மென்பொருளோடு ஆளையும் வளர்த்தார்கள். மொசாம்பிக், மலாவி முதலிய நாடுகளின் பல்கலைக்கழகங்களோடு இணைந்து, உள்ளூர் மாணவர்களை முதுகலைப் பட்டத்துக்கும் ஆய்வுப் பட்டத்துக்கும் இதே துறையில் பயிற்றுவித்தார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர்களுக்கே கணிப்பொறித் தகவலியல் கற்பிக்கப்பட்டது. அதன் பயன் 2020-இல் தெரிந்தது. கொரோனா நோய் பரவத் தொடங்கிய அந்த ஆண்டு சனவரி இறுதியில், விமான நிலையத்தில் வந்திறங்கும் பயணிகளைப் பதிவு செய்து கண்காணிக்கும் அமைப்பை இலங்கையர் சில நாட்களில் தாங்களே உருவாக்கினர். ஆஸ்லோவிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கவில்லை. பின்னர் அதே அமைப்பைப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. கொடை வாங்கிய நாடு கொடை கொடுத்த நாடாயிற்று.

இப்போது இதே மென்பொருளைப் பள்ளிக் கல்விக்கும் பொருத்தும் பணி காம்பியா, உகாண்டா, டோகோ முதலிய ஆப்பிரிக்க நாடுகளில் நடைபெற்று வருகிறது. மருத்துவத் துறைக்கு ஏற்கெனவே பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் அங்கே இருப்பதால், கல்வித் துறை வெற்றிடத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கணிப்பொறிக்குக் கொடுத்த பணம் சில ஆண்டுகளில் பழைய இரும்பாகும். ஆளுக்குக் கொடுத்த பணம் பயிர்போல் மீண்டும் மீண்டும் விளையும்.

கேரளத்தின் பள்ளிக்கல்வி அனுபவமும் நோக்கத்தக்கது. பெங்களூரில் இயங்கிய ஃபோரேடியன் என்னும் இளைஞர் நிறுவனம் ஃபெடீனா என்ற பள்ளி நிர்வாக மென்பொருளைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு கேரள அரசு ‘சம்பூர்ணா’ என்னும் அமைப்பை உருவாக்கி, 15,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு வழங்கியது. பொறுப்பேற்றது மாநில அரசின் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம். 2017-இல் அது கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. பள்ளி ஆசிரியர்களையே முதன்மைப் பயிற்றுநர்களாக வைத்துக்கொண்ட அமைப்பு அது. பயன்படுத்துபவரும் பழுது பார்ப்பவரும் அருகருகே இருந்தமை பெரிய பலம்.

மறுப்போர் சொல்வன

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது: நிறுவனங்கள் ஆயத்தமாகக் கொடுக்கும்போது, கட்டணத்தைச் செலுத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாமே, ஏன் இந்தச் சுமை? ஒரு தனியார் பள்ளிக்கு இது பொருந்தக்கூடும். ஆயிரக்கணக்கான அரசுப் பள்ளிகள் உள்ள ஒரு நாடு, தன் பிள்ளைகளின் பெயர், சாதி, குடும்ப வருமானம், உடற்குறை, மதிப்பெண் ஆகிய அனைத்தையும் தான் திறந்து பார்க்க இயலாத ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியையும் வேறொருவரிடம் தருவது அறிவுடைமை ஆகாது. 2023-ஆம் ஆண்டின் இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் விவரங்களுக்குத் தனிக் காப்பு வேண்டும் என்கிறது. கட்டணம் உயர்ந்தால் வெளியேற வழி வேண்டும். வெளியேறும்போது பதிவுகளை முழுமையாக எடுத்துச் செல்லவும் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு ஆசிரியர்களிடமிருந்து வருகிறது, அது கனமானது. கணிப்பொறி வந்த பின் வேலை குறையவில்லை, இரட்டிப்பாயிற்று என்கிறார்கள். ஏட்டிலும் எழுத வேண்டும், இணையத்திலும் ஏற்ற வேண்டும். மாநில அரசின் எமிஸ் தளத்துக்கு ஒன்று, மத்திய அரசின் யூடைஸ் கணக்கெடுப்புக்கு ஒன்று. பதிவுப் பணிச்சுமையைக் குறைக்க வேண்டும் என்று தமிழக ஆசிரியர் சங்கங்கள் பலமுறை கோரியுள்ளன. திறந்த மூலம் என்ற பெயர் மட்டும் இச்சுமையைக் குறைத்துவிடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒருமுறை எழுதியதை மறுமுறை கேட்காத முறையில் அதை அமைக்க வேண்டும். அப்படி அமைப்பதும் உள்ளூரில் செய்ய வேண்டிய திருத்தமே. அதற்கும் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும். ஆசிரியரின் நேரத்தைச் செலவில்லாப் பொருளாகக் கருதிக் கணக்குப் போடும் திட்டம் பொய்க் கணக்குத் திட்டம்.

நாம் செய்யத்தக்கது

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை வரலாற்று மாணவர்கள் அறிவர். பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் ஓராண்டு அப்பணியைப் பார்த்தனர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்குப் பின்னர் அதில் இடமில்லை. ஏரியை வெட்டியவன் மன்னனாக இருக்கலாம். அதைக் காத்தவர்கள் ஊரார். அதன் நீரால் பயிர் செய்வோர் ஆண்டுதோறும் கூடிக் கரையைக் கட்டித் தூர்வாரிய வழக்கமே குடிமராமத்து. அவ்வழக்கம் நலிந்த ஊர்களில் ஏரிகளும் நலிந்தன.

பள்ளி மென்பொருளுக்கும் இத்தகைய குடிமராமத்து வேண்டும் என்கிறேன். முதலாவதாக, நிதி கொடுக்கும் அரசும் அறக்கட்டளையும் எழுதுவதற்கு ஒரு தொகை ஒதுக்கினால், காப்பதற்கு ஆண்டுதோறும் ஒரு தொகை என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அந்தத் தொகை திட்டத்தோடு முடியாமல் துறையின் வரவு செலவுத் திட்டத்தில் நிலையான இனமாக இடம்பெற வேண்டும். இரண்டாவதாக, மக்கள் பணத்தில் எழுதப்படும் நிரல் மக்களுக்கே உரியது என்ற விதி ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தரும் கொள்கையை இந்திய அரசு 2015-ஆம் ஆண்டே வெளியிட்டது. கொள்கை ஏட்டில் இருந்தால் போதாது, ஒப்பந்தப் புள்ளியிலும் ஏற வேண்டும்.

மூன்றாவது நம்மைப் பற்றியது. மாவட்டந்தோறும் அரசு கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் கணிப்பொறி அறிவியல் துறை இருக்கிறது, தமிழ்த்துறை இருக்கிறது, வணிகவியல் துறை இருக்கிறது. இறுதியாண்டு மாணவர்கள் செய்முறைத் திட்டம் என்ற பெயரில் ஆண்டுதோறும் மாணவர் தகவல் மேலாண்மை அமைப்புகளை எழுதுகிறோம். மதிப்பெண் கிடைத்ததும் அது அலமாரிக்குப் போகிறது. அடுத்த ஆண்டு மாணவர் மீண்டும் முதல் வரியிலிருந்து அதையே எழுதுகின்றனர். இந்த உழைப்பையெல்லாம் உண்மையான ஒரு பள்ளி மென்பொருளின் பக்கம் திருப்பினால் என்ன? அகரவரிசைப் பிழையை ஓர் ஆண்டு மாணவர் தீர்க்கலாம். அடுத்த ஆண்டு மாணவர் மாற்றுச் சான்றிதழ்ப் படிவத்தைச் சீர்செய்யலாம். வருகை, இருப்பு, பற்று போன்ற சொற்களைப் பிழையின்றி அமைக்கத் தமிழ்த்துறை துணை நிற்கலாம். கட்டணக் கணக்கை வணிகவியல் மாணவர் சரிபார்க்கலாம். அருகிலுள்ள அரசுப் பள்ளியின் எழுத்தரும் தலைமையாசிரியரும் நமக்குத் தேர்வாளராக அமையலாம். அவர்கள் சரி என்றால்தான் சரி.

ஆனால் ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன். இதை மாணவர் தொண்டு என்ற பெயரில் கூலியின்றி வாங்கும் வேலையாக்கிவிடக் கூடாது. நம் கல்லூரியில் மாலை வேளைகளில் கடைகளில் வேலை செய்து படிப்பவர் பலர். அவர்களுக்குச் சிறு உதவித்தொகை கொடுத்து இப்பணியில் அமர்த்தினால் படிப்புக்கும் பயன், பள்ளிக்கும் பயன். மேற்பார்வை செய்யும் பேராசிரியர்க்கும் அது பணி நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். கூலி கொடுக்காத குடிமராமத்து சில காலங்களில் ஏழைகளின் மேல் சுமத்திய வெட்டியாகவே முடிந்தது என்பதையும் வரலாறு சொல்கிறது.

கணிப்பொறியை வாங்கித் தருவோர் வரட்டும், வரவேற்போம். மென்பொருளை எழுதித் தருவோர் வரட்டும், நன்றி சொல்வோம். அவர்கள் போன பின்னும் பள்ளி மணி அடிக்கும். முதல் வகுப்பில் புதிய பெயர்கள் ஏறும். அப்பெயர்களைப் பிழையின்றி எழுதிக் காக்கும் பொறுப்பு அந்தந்த ஊரில் வாழ்பவர்களுடையது. அந்தப் பொறுப்பை ஏற்கும் ஆளும், அவருக்குரிய ஊதியமும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் நாளில்தான் திறந்த மூல மென்பொருள் என்னும் கொடை வளரும் நாடுகளுக்கு உண்மையிலேயே வந்து சேர்ந்ததாகும்.